ஏழாவது சிவப்புக் காகிதம்

எங்கள் மோட்டார் சைக்கிள் கழகத்துச் சுவரில் கிளைட் டிரான்டரின் படம் மாட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே கண்ணாடி போட்ட சிவப்புக் காகிதம் ஒன்று. அதற்கும் கீழே அரைப் பக்கத்தில் அவனுடைய வாழ்க்கைக் குறிப்பு. அந்தக் குறிப்பை எழுதியவள் நான்தான். செயலாளர் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன். கிளைடை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விர்ரபீன் ஊரைச் சுற்றி நாற்பது மைலுக்கு நிற்கிற இரும்புக் கோதுமைக் குதிர்களில் பாதிக்கு மேல் கிளைடின் வெல்டிங். பதினாறு வயதில் முகமூடியைப் போட்டவன் அறுபது வரைக்கும் கழற்றவில்லை. பத்தொன்பது வயதில் தன் முதல் மோட்டார் சைக்கிளைத் தானே கட்டினான். பழைய இன்ஜின், பழைய சக்கரங்கள், சேஸ் என்கிற இரும்புச் சட்டகம் மட்டும் அவன் கையால் வளைத்து ஒட்டியது. பின்சக்கரத்துக்கு ஷாக்அப்சர்பர் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. கழுத்திலிருந்து பின் அச்சு வரைக்கும் ஒரே நேர்க்கோடு. பாதையில் ஒரு கூழாங்கல் கிடந்தால் அது உருண்டையா சப்பையா என்று உட்கார்ந்திருப்பவனின் எலும்பு சொல்லும். அந்த மாதிரி வண்டிக்கு ஹார்ட்டெயில் என்று பெயர். இந்த ஊரில் அதை ஓட்டுகிறவர்கள் ஏழு பேர். ஏழு சேஸும் கிளைட் செய்தவை. என்னுடையதும்தான்.

ஏழு பேருக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரே ஒரு விதி. ஸ்பிரிங் கூடாது. இந்த வண்டிகளில் பின் மட்கார்டு டயரை ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு தீப்பெட்டி நிற்கிற அளவுக்குத்தான் இடம். யார் மீதாவது சந்தேகம் வந்தால் வண்டியை பப் வாசலில் நிறுத்தி, அந்த இடைவெளியில் தீப்பெட்டியைச் செருகி, இருப்பதிலேயே கனமான இரண்டு பேரை சீட்டில் ஏற்றிக் குதிக்கச் சொல்வார்கள். தீப்பெட்டி நசுங்கினால் எங்கேயோ ஸ்பிரிங் இருக்கிறது என்று அர்த்தம். அதோடு கழகத்தில் அவன் கணக்கு முடிந்தது. தீப்பெட்டியைச் செருகுகிறவன் எப்போதும் கிளைட். கனமான இருவரில் ஒருவன் எப்போதும் கசாப்புக்கடை நெவில். இன்னொருவன் யார் என்பது அந்த வருடம் யார் அதிகம் தின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தத் தீப்பெட்டி என் கணவன் லிண்ட்சேயின் வண்டியில் நசுங்கியது.

லிண்ட்சே ரயில் பட்டறையில் ஃபிட்டர். முதுகெலும்பில் இரண்டு தட்டு விலகி அறுவை செய்து, இனி வண்டியையே தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கியர்பாக்ஸுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி இரண்டு ஸ்பிரிங் வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தான். பார்த்தால் அச்சு அசல் ஹார்ட்டெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறைச்சி அடைத்துச் சுட்ட பை தின்று பீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே கிளைட் எழுந்துபோய்த் தீப்பெட்டியை எடுத்தான். நெவில் ஏறினான், குதித்தான். கிளைட் குனிந்து நசுங்கிய பெட்டியை உருவி லிண்ட்சேயின் உள்ளங்கையில் வைத்தான். "போய்ட்டு வா, லிண்ட்சே" என்றான், அவ்வளவுதான். இருபது வருடச் சிநேகிதம். லிண்ட்சே வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

நான் கழகத்தை விட்டு விலகவில்லை. விலகியிருந்தால் கிளைடுக்கு நிம்மதியாகப் போயிருக்கும். ஞாயிறு தவறாமல் அவன் எதிரில் போய் உட்கார்ந்து, அவன் குடிக்கிற ஒவ்வொரு பீரையும் கசக்க வைப்பது என்று முடிவு செய்தேன். செயலாளர் பதவியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வேலையை நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வந்தது அரசாங்கத்தின் சுற்றறிக்கை. பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் இனி சாலையில் ஓடக்கூடாதாம். மிகப் பழைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆனால் இன்ஜினின் வயதை எண்ணமாட்டார்கள், சேஸ் செய்த வருடம்தான் கணக்கு. எங்கள் ஏழு சேஸும் அவர்கள் குறித்த வருடத்துக்குப் பின்னால் பிறந்தவை. குழியில் விழுந்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஓட்டுபவரின் கட்டுப்பாடு போய்விடும் என்று காரணம் எழுதியிருந்தார்கள். குழியை யார் வெட்டி வைத்தது? விர்ரபீன் சாலையில் கடைசியாகத் தார் கண்டது எந்த வருடம் என்று துறைக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது, கடிதம் கிடைத்தது என்று. இந்தச் சாலையில் மனிதர்களைக் கொல்வது கங்காருவும், தூங்கிக்கொண்டே லாரி ஓட்டுகிறவனும். கங்காருவுக்கு சஸ்பென்ஷன் இருக்கிறது, எல்லோரையும்விட நன்றாகவே இருக்கிறது. அதையும் எழுதிப்போட்டேன்.

நெவில் சொன்னான், தன் கடைக்கு வந்து எந்தக் கத்தியில் எலும்பை வெட்டுவது என்று சொல்கிற தைரியம் அவர்களுக்கு உண்டா என்று. வேறொருவன் குதிரைக்கு ஷாக் உண்டா என்று கேட்டான். ஒருவன் பாராளுமன்ற உறுப்பினரைத் தன் வண்டியின் பின்னால் உட்காரவைத்து மண் பாதையில் அழைத்துப்போக விரும்பினான். கிளைட் கடைசியில்தான் பேசினான். அவன் பேசினால் அது தீர்மானம் மாதிரி.

"ஓட்டுறவன் உடம்பு ஓட்டுறவனுக்குச் சொந்தம். என் முதுகு உடைஞ்சா நான் உடைச்சுக்கிறேன். அத உடைக்கக் கூடாதுன்னு சொல்ல எவனுக்கும் உரிமை இல்ல. எங்க ஏழு வண்டிக்கும் ஏழு சிவப்புக் காகிதம் குடுக்கட்டும். ஏழையும் எடுத்துட்டு நேரா மெம்பர் ஆபீஸுக்குப் போவோம். ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

சோதனை லாரி பதினான்காம் தேதி ஊருக்கு வருவதாக இருந்தது. சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்குப் பச்சைக் காகிதம், இல்லாததற்குச் சிவப்பு. சிவப்பு வாங்கிய வண்டியை வீட்டுக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. நான் கோதுமை லாரி ஓட்டுகிறவள், ஆகவே திரும்பும்போது ஏழு வண்டியையும் என் லாரியில் ஏற்றிப்போவது என்று முடிவாயிற்று. மாவட்டப் பத்திரிகைக்கும் சொல்லி வைத்தோம். ஏழு பேரும் ஒரே நாளில் தங்கள் வண்டியை இழக்கிறார்கள், ஒருவரும் பின்வாங்கவில்லை என்பதுதான் செய்தி. கேட்க எனக்கே மயிர் கூச்செறிந்தது. கிளைட் மீது எத்தனை வெறுப்பு இருந்தாலும், அரசாங்கத்தை எதிர்த்து நிற்பதில் அவனைப்போல ஆள் கிடையாது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சோதனைக்கு மூன்று வாரம் முன்னால் குதிர்களுக்குப் பக்கத்தில் கிளைடின் செயின் அறுந்துபோயிற்று. நான் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவன் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, செயின் இணைப்பு வாங்க எதிரிலிருந்த பண்ணைக்கு நடந்துபோயிருந்தான். உதவி செய்யலாம் என்று லாரியின் சின்ன கிரேனால் அவன் வண்டியைத் தூக்கினேன். என் தலைக்கு மேலே அது தொங்கியபோது, பின்சக்கரம் தனியாக, மெதுவாக, இரண்டு அங்குலம் கீழே இறங்கியது.

ஹார்ட்டெயிலில் சக்கரம் தனியாக இறங்க வழியே இல்லை. அடியில் போய் அண்ணாந்து பார்த்தேன். கியர்பாக்ஸுக்குக் கீழே கருப்புத் தகட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பிரிங். லிண்ட்சேயின் வண்டியில் இருந்த அதே இடம், அதே அளவு. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். லிண்ட்சே தன் மட்கார்டை சேஸில் மாட்டியிருந்தான். கிளைட் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையிலேயே மாட்டியிருந்தான். சக்கரம் ஏறினால் மட்கார்டும் கூடவே ஏறும். நடுவில் தீப்பெட்டி வைத்தால் நூறு வருடம் ஆனாலும் நசுங்காது. ஸ்பிரிங்கின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு ஓராண்டு ஈராண்டில் படிந்ததல்ல. கிளைட் நாற்பது வயதில் குதிரின் மேலிருந்து பன்னிரண்டு அடி கீழே விழுந்தவன் என்பது ஊருக்கே தெரியும். அந்த முதுகோடு இத்தனை காலம் ஹார்ட்டெயில் ஓட்டுகிறானே என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சியிருக்கிறேன், திட்டிக்கொண்டே.

அவன் திரும்பி வந்தபோது வண்டியை இறக்கி நிறுத்தியிருந்தேன். சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். வண்டி இறங்கியது, ஏறியது.

"நல்லா இறங்குதே, கிளைட்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஊரில் அது நடப்பது அபூர்வம்.

"எப்ப மாட்டினே?" என்று கேட்டேன்.

குனிந்து அறுந்த செயினை எடுத்தான். பிறகு, "லிண்ட்சே போனதுக்கு முந்தின வருஷம்" என்றான்.

"போனதுக்கா? நீ அனுப்பினதுக்கு."

"ஆமா. அனுப்பினதுக்கு."

ஆக அன்றைக்கு நெவில் குதிக்கும்போது, தீப்பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவனின் வண்டியிலும் ஸ்பிரிங் இருந்தது. நாலு அடி தள்ளி அதே வாசலில்தான் அது நின்றுகொண்டிருந்தது. லாரியின் இரும்புக் கம்பி பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்து அடிக்கவில்லை. அதைவிடப் பெரிய அடி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"பதினாலாம் தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள எல்லார் முன்னாலயும் நீயே சொல்லிடு. சொல்லலேன்னா அந்த ஆபீசர் உனக்குப் பச்சை குடுப்பான். ஆறு பேரு கையில சிவப்பு, உன் கையில மட்டும் பச்சை. அவனும் கண்டுபிடிக்கலேன்னா நானே சொல்லுவேன்."

கிளைட் செயினை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

லிண்ட்சேயிடம் நான் மூச்சு விடவில்லை. பதினோரு வருடம் கழித்து அவனுக்குக் கொடுக்கப்போகிற பரிசை முன்கூட்டியே பிரித்துக் காட்ட மனம் வரவில்லை. மூன்று ஞாயிறு போயிற்று. கிளைட் வந்தான், குடித்தான், சட்டத்தைத் திட்டினான். ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது ஞாயிறு நான் மேசைமேல் ஒரு தீப்பெட்டியை எடுத்து அவன் எதிரில் நிமிர்த்தி வைத்தேன். நெவில் அதிலிருந்து குச்சியை எடுத்து சிகரெட் பற்றவைத்தான். கிளைட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை என்று சொல்ல ஆசைதான்.

பதினான்காம் தேதி காலையே வெயில் கொளுத்தியது. ஆட்டுச் சந்தை மைதானத்தில் சோதனை லாரி நின்றது. அதிகாரியின் பெயர் பாஸ்கோ, முப்பது வயதுகூட இருக்காது, மூக்கில் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு. ஆள் மரியாதையாகத்தான் பேசினான், அதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வண்டியை ஒரு தகட்டின்மேல் ஏற்றுவான், தகடு மேலும் கீழும் ஆடும், பக்கத்தில் ஒரு கருவி பின் அச்சு எவ்வளவு நகர்கிறது என்று காட்டும். நகராவிட்டால் சிவப்பு. நெவிலுக்குச் சிவப்பு. எனக்குச் சிவப்பு. காகிதத்தை வாங்கும்போது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் என்னைச் சுமந்த வண்டி. பாஸ்கோ "சாரி" என்றான். உன் சாரியை மடித்து வைத்துக்கொள் என்றேன்.

ஆறு சிவப்பு முடிந்தது. கிளைடைக் காணவில்லை. பத்திரிகைக்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். வரமாட்டான், பயந்துவிட்டான் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்போது தூரத்தில் சத்தம் கேட்டது.

கிளைடின் வீடு ஊருக்கு வெளியே முப்பத்தெட்டு கிலோமீட்டர். முழுக்க மண் பாதை. துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகக் குறுக்கே மேடு விழுந்த பாதை, என் லாரியே அதில் பற்களைக் கழற்றிவிடும். அவன் மைதானத்துக்குள் வந்த வேகம் நடக்கிற வேகம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. இறங்காமலே வண்டியை உருட்டித் தகட்டின்மேல் ஏற்றினான்.

பாஸ்கோ இறங்கச் சொன்னான். "கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா, பெரியவரே?"

"பெரியவர்னு உங்க அப்பனைக் கூப்பிடு. நான் இப்படியே இருக்கேன். ஆட்டு."

தகடு ஆடியது. நான் கருவியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையவில்லை. தகடு ஆடஆட கிளைடின் தலை முன்னும் பின்னும் போய் வந்தது, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. முள் மட்டும் அசையவே இல்லை. பாஸ்கோ தகட்டை நிறுத்திவிட்டுச் சிவப்புப் புத்தகத்தை எடுத்தான்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். மற்ற ஐந்து பேரும் கேட்கிற மாதிரி, பத்திரிகைக்காரப் பெண்ணும் கேட்கிற மாதிரி.

"கியர்பாக்ஸுக்குக் கீழ பாரு. அங்க ஸ்பிரிங் இருக்கு."

நெவில் என்னை ஏதோ பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பாஸ்கோ கை விளக்கை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தான். எனக்கு அந்த நிமிடம் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு அவன் எழுந்து சட்டையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"ரெண்டு கம்பி இருக்கு. கெட்டி இரும்பு. நாலு பக்கமும் வெல்டு பண்ணியிருக்கு. ஸ்பிரிங் இல்ல." விரலைப் பார்த்தான். விரல் நுனியில் கருப்பு பெயிண்ட் ஒட்டியிருந்தது. "பெயிண்ட் காயல. எப்ப பண்ணினது இது?"

"அது உன் புத்தகத்துல இருக்கிற கேள்வியா?" என்றான் கிளைட்.

"இல்ல."

"அப்ப சிவப்பைக் குடு."

பாஸ்கோ கொடுத்தான். ஏழாவது சிவப்பு. ஐந்து பேரும் கை தட்டினார்கள். பத்திரிகைக்காரப் பெண் படமெடுத்தாள். கிளைட் காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். சுவரில் இருப்பது அந்தப் படம்தான். படத்தில் அவன் சிரிக்கிறான் என்று சொல்கிறார்கள். அது சிரிப்பல்ல. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

படம் எடுத்து முடிந்த பிறகும் அவன் இறங்கவில்லை. நெவில் தோளைத் தட்டி இறங்கச் சொன்னான். கிளைட் மிகத் தாழ்ந்த குரலில், கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றான். நாலு பேர் சேர்ந்து அவனை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கி என் லாரிக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு வண்டியையும் ஏற்றத் தயாராக வைத்திருந்த இடத்தில் அவனைப் படுக்கவைத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து அவன் கத்துவது கேட்டது. அரசாங்கத்தைத் திட்டினேன், அவனைத் திட்டினேன். மூன்று வாரம் முன்னால் சீட்டை அழுத்திக் காட்டிய என் கைகள் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. அவற்றையும் திட்டினேன்.

முதுகெலும்பில் மூன்று தட்டு நொறுங்கியிருந்தது. நாலு கால் கைத்தடியைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கலாம், வண்டி இந்த ஜென்மத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவா, கேட்டு வாங்கவா என்று எனக்கே தெரியாது.

கிளைட் முதலில் கேட்டது, "வெல்டு பார்த்தியா? முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒரு விரிசல் விழல."

"பைத்தியக்காரா. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தா நடந்து போயிருப்பே."

"தெரியும்" என்றான். "லிண்ட்சே வண்டி இன்னும் இருக்கா?"

"தார்ப்பாய்க்குக் கீழ இருக்கு. நீ அனுப்பின மாதிரியே."

"அதுல ஸ்பிரிங் இருக்குல்ல. அவனுக்குப் பச்சை குடுப்பாங்க, நெரிடா."

எங்கள் மாதிரி வண்டிகளிலேயே இந்த ஊரில் சட்டப்படி ஓடக்கூடிய ஒரே வண்டி எங்கள் கொட்டகையில் நிற்கிறது என்பது அவன் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் லிண்ட்சேயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிரேனில் வண்டி தொங்கியது, ஸ்பிரிங், மட்கார்டு, நான் விட்ட கெடு, எல்லாம். அவன் தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிக்கிற வரைக்கும் திரும்பவில்லை.

"தெரியும். அந்த ஸ்பிரிங்கை அவனுக்கு மாட்டிக் குடுத்ததே நான்தான்."

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். கிளைட் முதுகு வலியில் அழுதானாம். பட்டறையில் யாருக்கும் தெரியாமல் இவன்தான் செய்து மாட்டினான். மறு வருடம் தனக்கும் வேண்டியிருந்தபோது அதே அளவில் இன்னொன்று செய்துகொண்டான்.

"அப்ப மட்கார்டை ஏன் அவனை மாதிரி மாட்டல? மாட்டியிருந்தா நசுங்கியிருக்காதே."

"ஒளிச்சு ஓட்டப் பிடிக்கல. தெரிஞ்சா தெரியட்டும்னு விட்டேன். தீப்பெட்டியை வைக்கக் குனியறப்போ, அவன் நிமிர்ந்து 'என்னுதுலயும் இருக்கு'ன்னு சொல்லுவான்னு நெனச்சேன். குனிஞ்சவன் குனிஞ்சபடியே இருந்தான். அப்புறம் நான் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. பதினோரு வருஷம்."

"சொல்லியிருந்தா நீ அவனைக் கொன்னிருப்பே."

அது உண்மைதான். அதனாலேயே அவன் மேல் வந்த கோபத்தில் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் தார்ப்பாயை எடுத்து, டயர் மாற்றி, பெட்ரோல் டாங்கைக் கழுவி, வண்டியை லாரியில் ஏற்றி, அடுத்த ஊருக்கு வந்திருந்த சோதனை லாரிக்குக் கொண்டுபோனேன். பேசாமலே செய்தேன். அதே பாஸ்கோ. தகட்டின்மேல் முள் துள்ளியது. பச்சைக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தான். நான் வெறுக்கிற சட்டம், நான் கங்காருவைப் பற்றிக் கடிதம் எழுதிய துறை. பதினோரு வருடமாக என்னால் வாங்கித்தர முடியாததை என் கணவனுக்கு அதுதான் கொடுத்தது. நன்றி சொல்லவேண்டிய இடம். சொல்லவில்லை.

ஏழு சிவப்பும் மெம்பர் ஆபீஸுக்குப் போயின. நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். இதுவரை பதில் இல்லை.

கிளைட் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, கழகத்தார் காரில் அவனைப் பார்க்கப் போனார்கள். லிண்ட்சே அவனுடைய வண்டியில் போனான். நான் பின்னால் உட்கார்ந்தேன். என் வண்டிதான் சிவப்பு வாங்கிக் கிடக்கிறதே. வாசலில் நாற்காலி போட்டுக் கிளைடை உட்காரவைத்திருந்தார்கள். நெவில் கண்ணாடி போட்ட சிவப்புக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டி, உனக்கப்புறம் இந்த ஊரில் ஆம்பளை இல்லை என்று பேசிக்கொண்டிருந்தான். லிண்ட்சேயை ஒருவரும் வாவென்று கேட்கவில்லை.

கிளைட் கையை நீட்டி வண்டியைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னான். லிண்ட்சே உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். கிளைட் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினான். வண்டி இறங்கி ஏறியது.

"என்னுதும் இப்படித்தான் இறங்கும்" என்றான், எல்லோரையும் பார்த்து. "பன்னெண்டு வருஷமா இறங்கிச்சு. லிண்ட்சேதான் மாட்டினான். அவனை அனுப்பினப்போ என்னுதுலயும் இருந்துச்சு."

நான் கேட்ட வார்த்தைகள்தான், நான் கேட்டபடியே எல்லார் முன்னாலும். ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு நெவில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த வருடம் ஆட்டு விலை போகிற போக்கைப் பார்த்தால் கடையை மூடவேண்டியதுதான் என்றான். இன்னொருவன் ஆமாம், மழையும் இல்லை என்றான். கிளைட் இன்னொரு தடவை ஆரம்பித்தான். நெவில் அவன் தோளில் தட்டி, மருந்து மயக்கம், பேசாமல் ஓய்வெடு என்று சொல்லிவிட்டு, சிவப்புக் காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்குப் போனான். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். கிளைட் அழுதுகொண்டிருந்தான். "அடுத்த ஞாயிறு வரேன்" என்று மட்டும் லிண்ட்சே சொன்னான். சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இருக்கவில்லை, கிளைடுக்கும் சரி, காரில் போனவர்களுக்கும் சரி.

திரும்பும்போது அதே முப்பத்தெட்டு கிலோமீட்டர் மண் பாதை. லிண்ட்சேயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. சுகமாக இருந்தது. கழகக் குறிப்பேட்டில் இதை எழுதவில்லை.